கை வைப்பதற்கு முன்

மலைமேல் எல்லாரும் அவரை மீட்டரம்மா என்றுதான் சொன்னார்கள். பெயர் எனக்குத் தெரியும். அவர் கையெழுத்துப் போட்ட தாள்களை எத்தனையோ தடவை ஃபைலில் கோத்திருக்கிறேன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மீட்டரம்மா என்றே இருக்கட்டும்.

கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் அடிவாரம், புளியஞ்சோலைப் பக்கம். எங்கள் லேபில் ரத்தத்தில் உள்ள உப்புகளை அளக்கும் மெஷின் ஒன்று உண்டு. கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி புதிது வாங்கியதும் எங்களுக்குத் தள்ளிவிட்ட பழசு. உள்ளே விரல் நீளத்துக்கு எலக்ட்ரோடுகள் இருக்கும். ரத்தம் அவற்றின்மேல் படும்போது உண்டாகும் துளி மின்சாரத்தை வைத்துத்தான் மெஷின் எண்ணைச் சொல்லும். நாளாக நாளாக எலக்ட்ரோடு சோம்பிப்போகும். அதனால் உப்பு அளவு தெரிந்த ஒரு தண்ணீரை அதற்குக் காட்டி, இதுதான் ஐந்து, ஞாபகம் வைத்துக்கொள் என்று தினமும் காலையில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்து, மெஷினையும் சரிபார்த்துவிட்டுப் போவது, ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து வரும் மீட்டரம்மாவின் வேலை.

அவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்த ஆள் வந்த வேகத்தில் மெஷினைத் திறந்து, துடைத்து, திருகி, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இந்தம்மா அப்படி இல்லை. லேபுக்குள் வந்து பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முதல் கால் மணி நேரம் எதையும் தொடமாட்டார். என்னையும் தொடவிடமாட்டார். மெஷின் எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் தன் ஸ்டாண்டர்டைக் காட்டி, அது சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வார். அவர் நோட்டில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று 'வந்தபோது', இன்னொன்று 'போகும்போது'. முதல் பத்தியை நிரப்பாமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே மாட்டார்.

அவர் இரண்டாவது தடவை வந்தபோது, நல்ல பெயர் வாங்கலாம் என்று முந்தின நாளே மெஷினைக் கழுவி, குழாய்களை மாற்றி, பளபளவென்று வைத்திருந்தேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கண்ணா, காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டி, பவுடர் பூசித்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார்.

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு நோட்டில் 'வந்தபோது' என்ற இடத்தில் 'துடைக்கப்பட்டிருந்தது, தெரியாது' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். இந்தம்மாவோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று அன்று முழுக்க எரிச்சலாகவே இருந்தேன்.

எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். கேன்டீனில் குழம்பு கொடுத்தால் உப்பு போட்டுக்கொள்ளும் முன் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பார். நாமக்கல்லில் வாடகை வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு, சாமானை இறக்குவதற்கு முன் சுவரில் இருந்த விரிசலை எல்லாம் எண்ணி எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினாராம். தலைவலி என்றால் மாத்திரை போடாமல் உட்கார்ந்திருப்பார், எங்கிருந்து எங்கே வலிக்கிறது என்று முதலில் தெரியணுமாம். நானும் நர்சுகளும் முதுகுக்குப் பின்னால் இதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஒரு தடவை மழைக்காக பஸ் நின்றுபோய், அவர் லேபிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பேச்சுக்கு, எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். தன் தம்பி ரோட்டில் அடிபட்டுச் செத்ததைச் சொன்னார். லாரி தப்பான பக்கம் ஏறி வந்து அடித்ததாம். போலீஸ் வருவதற்குள் நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பைக்கைத் தூக்கி ஓரமாக வைத்து, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளி, ரத்தத்தில் மண் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் யார்மேல் தப்பு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் தம்பிமேல்தான் தப்பு என்று எழுதினார்களாம். அவர் அழவில்லை, குரல்கூட மாறவில்லை. அன்றிலிருந்து அவரைப் பற்றிச் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொரு தடவை நான் லீவு முடிந்து திரும்பும்போது அதே பஸ்ஸில் அவரும் இருந்தார். பாட்டில் பெட்டியை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கீழே வைக்கவில்லை. பாதி மலை ஏறியதும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பாட்டில் மூடியையும் கால் சுற்றுத் தளர்த்தினார். புஸ் புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. எதற்கு என்று கேட்டேன். மலைமேல் ஏறியதும் வரும் சோளக்காட்டுக் கடைகளில் சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு தொங்குகிறதே, பார்த்ததில்லையா என்றார். கீழே அடைத்த காற்று மலைமேல் வந்தால் விரியும், மூடி இறுக்கமாக இருந்தால் கசிந்துவிடும் என்று விளக்கினார்.

"மலைக்கு வந்தா கால் சுத்து உடணுங்கண்ணா" என்றார்.

சோளக்காட்டில் பஸ் நின்றதும் நான் டீக் குடிக்க இறங்கிவிட்டேன். அவர் சந்தைப் பக்கம் போனார். அங்கே ரோட்டோரம் வாழைப்பழமும் பலாவும் வைத்து விற்கும் பாப்பாயி அக்காவுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். அக்காவுக்கு ஊர் மலைமேலேயே எடப்புளி நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூர். அவரை ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும், சர்க்கரை நோய்க்காக மாதம் ஒருமுறை வருவார். மீட்டரம்மா வந்தால் அவருக்கென்று ஒரு மலைவாழைப்பழம் தனியாக இருக்கும். நான் டீக்கடையிலிருந்து பார்த்தபோது இருவரும் பெட்டிமேல் குனிந்துகொண்டு எதற்கோ சிரித்தார்கள். அவ்வளவுதான் பார்த்தேன். அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் அன்று பஸ்ஸில் கேட்டதை நன்றாகவே மனதில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு கண்டிப்பான அம்மா சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும் அல்லவா. ஸ்டாண்டர்டு பாட்டிலைக் காலையில் திறந்து, மெஷினுக்குக் காட்டிவிட்டு, மூடியை இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி வைப்பேன். மலைக்கு வந்தால் கால் சுற்று விட வேண்டும். எனக்கு அது ஒரு சாமி காரியம்போல ஆகிவிட்டது. பாட்டிலை வைக்கும் இடம், கருவிகளைக் கொதிக்கவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கத்தில். பகல் முழுக்க அங்கே சூடு அடித்துக்கொண்டே இருக்கும்.

உப்புத் தண்ணீரைத் திறந்து வைத்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. சமையல் தெரிந்த யாருக்கும் தெரிந்த விஷயம் இது. டிப்ளமோ படித்த எனக்குத் தோன்றவில்லை. பாட்டிலில் அளவு குறைந்தது, தினமும் எடுக்கிறோம், குறையத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். அந்த வருஷம் மழையில் ரோடு சரிந்து, ஆம்புலன்ஸ் மட்டும் போகும்படி ஆனதால், பஸ்ஸில் வரும் மீட்டரம்மா வருவது தள்ளிப்போயிற்று. ஐந்து என்று பெயர் ஒட்டிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் தினமும் காலையில் அதைக் காட்டி இதுதான் ஐந்து என்று மெஷினுக்குச் சொன்னேன். மெஷினும் நம்பி, ஆறு இருக்கிற ரத்தத்தையும் ஐந்து என்று சொல்ல ஆரம்பித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

பாப்பாயி அக்கா ஒரு நாள் காலையில் கணவரோடு வந்தார். கை கால் அசதி, வாந்தி. சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும். ஆறுக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பது எங்கள் டாக்டரின் சட்டம். நான் ரத்தம் எடுத்தேன். மெஷின் ஐந்து புள்ளி மூன்று என்றது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, பயமில்லை என்று மாத்திரை எழுதி, நாலு நாள் கழித்து வரச்சொன்னார். கணவர் சடையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் சந்தையில், பலாப்பழத்தின்மேல் தலையைச் சாய்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். பழம் கேட்டு வந்த ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாராம். நான் சாவுக்குப் போனேன். மாலை வாங்கிப் போனேன். அப்போதும் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து ரோடு சரியாகி மீட்டரம்மா வந்தார். கண் சிவந்திருந்தது. சோளக்காட்டில் இறங்கியபோது சேதி சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை வைத்துவிட்டு வழக்கம்போல் கையைக் கட்டி நின்றார். பிறகு தான் கொண்டுவந்த புது பாட்டிலைத் திறந்து மெஷினுக்குக் காட்டினார். ஐந்து என்று வர வேண்டும். நாலு என்று வந்தது. இன்னொரு முறை காட்டினார். நாலுதான். 'வந்தபோது' பத்தியில் நாலு என்று எழுதினார். அதன்பிறகுதான் என்னுடைய பாட்டிலைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. ஒரு விரலை மட்டும் மூடிமேல் வைத்து அசைத்தார். அது ஆடியது.

"இது எப்பவும் இப்படித்தான் இருக்குமாங்கண்ணா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, மலைக்கு வந்தா கால் சுத்து உடணும்னு."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார், ஏறும்போது தளர்த்துவது காற்றுப் போகத்தானாம். சோளக்காட்டில் இறங்கியதும் முதல் வேலையாக எல்லா மூடியையும் இறுக்கிவிடுவாராம். அக்காதான் பெட்டியைப் பிடித்துக்கொள்வார், பாட்டிலுக்கு மூச்சு வாங்கி முடிச்சிருச்சா கண்ணு என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அன்று டீக்கடையிலிருந்து நான் பார்த்தது அதைத்தான். பழம் விற்கிற அக்காவுக்குத் தெரிந்திருந்த விஷயம் லேபில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

பதிவேட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அக்கா பெயரில் விரல் நின்றது. ஐந்து புள்ளி மூன்று. பக்கத்தில் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஆறரைக்கு மேல் வந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அழுதேன். ஐம்பது வயதில் ஒரு பெண்பிள்ளை முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அழுதேன். எண்ணை வேண்டுமானால் எழுதுங்கள், எலக்ட்ரோடு பழசு என்று காரணம் போடுங்கள், மூடியை மட்டும் எழுதாதீர்கள் என்று கெஞ்சினேன். ஊரில் தலைகாட்ட முடியாது, வேலை போய்விடும் என்றேன். செத்துப்போன அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க பாட்டிலை இப்ப இறுக்கி வெச்சுருவீங்க. எனக்குத் தெரியுதுங்கண்ணா" என்றார். "ஆனா இறுக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாராவது எழுதணும்."

தமிழில் எழுதினார். ஸ்டாண்டர்டு பாட்டிலின் மூடி கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறியிருந்தது. அதனால் மெஷின் பொட்டாசியத்தைக் குறைத்துக் காட்டியது. இன்ன தேதியில் இன்னாருக்குச் சொன்ன அளவு தவறு. அடியில் கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு வரி எழுதினார்: 'மூடியைத் தளர்த்தும் பழக்கம் என்னைப் பார்த்து வந்தது. இறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.' கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் மெஷினைத் திறந்தார்.

மேனேஜர் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. இது வெளியே போனால் ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள், அப்புறம் பிரசவத்துக்குக்கூட மலை இறங்கிப்போக வேண்டும் என்றார். போன உயிர் வரப்போகிறதா என்றும் கேட்டார். வேறு தாள் எழுதிக் கொடுக்கச் சொன்னார். வந்தபோது இருந்ததை மாற்றி எழுத எனக்குத் தெரியாது சார் என்று சொல்லிவிட்டு மீட்டரம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருடைய கம்பெனியிலிருந்து வேறு ஆள் வந்தார். புதுத் தாள் கொண்டுவந்தார். 'வந்தபோது' பத்தியில் ஐந்து என்று அச்சடித்திருந்தது. லேப் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மீட்டரம்மாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டதாக அந்த ஆள்தான் சொன்னார், ஸ்டாண்டர்டைக் கையாளத் தெரியவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டாராம். பழைய தாளை மேனேஜர் கிழித்துப் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அவர் நோட்டில் கார்பன் வைத்து எழுதுவார் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு மாதம் இருக்கும். சடையன் லேப் வாசலில் வந்து நின்றார். வேட்டி மடிப்பிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நீல கார்பன் எழுத்து. மடிப்பைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா எடப்புளி நாட்டுக்கு பஸ் இறங்கி நடந்தே வந்தாராம். இவர் மிளகு பறிக்கப் போயிருந்ததால், வீட்டிலிருந்த சின்னப் பேத்தி கையில் தாளைக் கொடுத்து, தாத்தாவிடம் கொடு, யாரையாவது விட்டுப் படிக்கச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நம்பரெல்லாம் இருக்குதுங்க. ஆஸ்பத்திரி விசயம், வேற யாருக்குங்க தெரியும்? உங்ககிட்டயே வந்துட்டேன்" என்றார்.

தாளை வாங்கினேன். என் கண்முன்னால் கால் சுற்று என்ற எழுத்துதான் நின்றது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கும்பிட்டுவிட்டுப் போனாரே, அதே முகம்.

"அக்கா பேரு போட்டு, மெஷினெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்குதுங்க" என்றேன். "ஆஸ்பத்திரியில ஒரு கொறையும் வெக்கலைன்னு."

சடையன் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"இதைச் சொல்லவா அந்த அம்மிணி அவ்வளவு தூரம் நடந்து வந்துச்சு?"

"அக்கா மேல பாசமுங்க."

"அப்ப அவ ஆயுசு அவ்வளவுதானுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன், ஃபைலில் இருக்கட்டுமே என்றேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பாப்பாயி பேர் எழுத்தில் இருக்கிற தாள் அவரிடம் இது ஒன்றுதானாம். ரேஷன் கார்டில்கூடத் தப்பாகத்தான் இருக்கிறதாம். பேத்தி இப்போதுதான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருக்கிறாள், பெரியவளானதும் அவளுடைய அம்மாயி நினைவாக அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன் என்றார். மழையில் நனையாமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்.

சாம்பிள் வைக்கும் கவர் ஒன்றை எடுத்து, நானே தாளை உள்ளே வைத்து, காற்றுப் போகாதபடி நன்றாக இறுக்கி மூடிக் கொடுத்தேன். மீட்டரம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் அதே லேபில்தான் இருக்கிறேன். சடையனை எப்போதாவது சோளக்காட்டில் பார்த்தால் நிறுத்தி நலம் விசாரிப்பார். போன வாரமும் பார்த்தேன், பக்கத்தில் யூனிஃபார்மோடு பேத்தி நின்றுகொண்டு கடைப் பலகையில் இருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள்.